அயனி மரத்திலிருந்து ஏழடி

ஐப்பசி மழை. திக்கணங்கோட்டில்
மண்ணுக்கே தாகமில்லை.
கக்கூஸ் தண்ணி மூன்று நாளாய்
போகவா வேண்டாமா என்று நின்று யோசித்தது.
நாலாம் நாள் குளிமுறி ஓட்டை வழியே
குமிழி விட்டுத் திரும்பி வந்தது.

"அயனி மரத்திலேருந்து தெக்கால ஏழடி,
அங்கயாக்கும் மூடி" என்றார் ஹெர்பர்ட்,
தோகாவில், சாப்பாட்டு நேரத்தில்,
மஞ்சள் தொப்பியைக் கழற்றாமல்.
அயனி மரம் மாடிக் கதவாகிப் பதினொரு வருஷம்.
அறுப்புக்கூலி அனுப்பியவரும் அவர்தான்.
அந்தக் கதவிலிருந்து ஏழடி வைத்தால்
சிசிலி டீச்சர் வீட்டு ஆகாசத்தில் போய் நிற்பேன்.

கம்பிப்பாரையை எடுத்தேன்.
முற்றத்துச் சிமென்ட் கட்டைகளைத்
தட்டிக்கொண்டே போனேன்,
டாக்டர் முதுகைத் தட்டுவதுபோல.
தட். தட். தட்.
செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் மட்டும்
தொம்.

நாலு கட்டை பெயர்த்ததும் மூடி.
அதில் ஈரச் சிமென்டில் ஆணியால் கீறியது:
எச்.பி. 14.5.2009.
கல்யாணம் கழிந்து ஒன்பதாம் நாள்.
என்னைப் பந்தியில் விட்டுவிட்டு
புதுமாப்பிள்ளை வெயிலில் கொத்தனோடு நின்றது
இதற்குத்தானா.

தக்கலையிலிருந்து லாரி வந்தது.
முடுக்குக்குள் நுழையாது.
எண்பதடிக் குழாய்
டீச்சரின் மதிலேறி மரச்சீனியை மிதித்து வந்தது.
சுயம்பு மூடியை நெம்பித் தள்ளினான்.
"மாறி நில்லுங்கோ. அரைமணிக்கூர் காத்து போட்டும்."
ஆஷிகா படம் பிடிக்கப் போனோடு எட்டினாள்.
"தலைய நீட்டாத மக்களே.
இதுல எறங்கினவனுக்குப் படம்தான் மிச்சம்."
அவள் சிரித்தாள்.
அவன் சிரிக்கவில்லை.

மோட்டார் இரைய, டீச்சரின் சன்னல்கள்
ஒவ்வொன்றாய் அறைந்து சாத்த,
நான் கணக்குப் போட்டேன்.
மாமியாரின் கடைசி மூன்று வருஷம் இதில் உண்டு.
ஆஷிகா வளர்ந்தது முழுசும் உண்டு.
கொரோனாவுக்கு வந்து எட்டு மாசம் தங்கிய
நாத்தனார் குடும்பம் தாராளமாய் உண்டு.
கட்டியவர் பங்கு,
வருஷத்துக்கு ஒரு மாச லீவு வீதம்,
நாலு வாளி தேறுமா?

"அடியோட கழுவி விட்டுருங்க" என்றேன்.
"கழுவப்படாது அக்கா.
பழசு ஒரு சாண் கெடக்கணும்.
அதாக்கும் புதுசைத் தின்னும்.
ஆசிட் ஊத்திக் கொல்லாதீங்கோ."
சனிக்கிழமை தோறும் நான்
சொர்க்கத்துக்குப் போகிற வேகத்தில் தேய்த்தது
நினைவுக்கு வந்தது.

லாரி போனபின்
அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதினேன்:
கிணற்றுச் சுவரிலிருந்து வடக்கே ஐம்பத்திரண்டடி.
கிணற்றை யாரும் அறுத்துக் கதவாக்க முடியாது.

மூடியைப் படமெடுத்து அனுப்பினேன்,
எச்.பி.யும் தேதியும் தெளிவாய்த் தெரிய.
இரண்டு நீலக் கோடு.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு குரல், பின்னால் கிரேன் சத்தம்:
"ஆழத்துல ஓரடி கொறச்சுட்டான் அந்தக் கொத்தன்.
அன்னைக்கே சொன்னேன், கேக்கல."

இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்டபடி
செம்பருத்தித் தொட்டியைக்
கொஞ்சம் தள்ளி வைத்தேன்.