தொய்வு

பாரிட் வாகிமானில்
ஒருவர் செத்தால் ஏழாம் நாள் கெண்டுரி,
நாற்பதாம் நாள் கெண்டுரி,
நூறாம் நாள் சோறும் ஆறிய பிறகுதான்
நிலம் அளக்க ஆள் வரும்.
முன்னால் சர்வேயர் லோக்மான்,
பின்னால் சங்கிலி தூக்கிக்கொண்டு நான்.
சுங்கை லெங்கோர் தோட்டத்து லயத்திலிருந்து
சைக்கிளில் ஒன்பது மைல்.

செத்தவர் பெயர் துக்கிரான்.
விட்டுப்போனது இரண்டு ஏக்கர்:
அகலம் இரண்டு சங்கிலி, நீளம் பத்து.
முன்னால் செம்மண் சாலை, பின்னால் வாய்க்கால்,
இடையில் காப்பி, பாக்கு, மரவள்ளி,
பாதி ஓலை பாதி தகரமாய் ஒரு வீடு.
மனைவி, மகன் மூன்று, மகள் இரண்டு.

எல்லாருக்கும் சாலை வேண்டும்,
எல்லாருக்கும் தண்ணீரும் வேண்டும்.
குறுக்கே வெட்ட முடியாது.
பாய்க்குத் தாழை கிழிப்பதுபோல்
நெடுக்காகத்தான்.

லோக்மான் முட்டிமேல் நோட்டை விரித்து
அறுபத்துநாலால் வகுத்தார்.
தாய்க்கு எட்டு. மகனுக்குப் பதினாலு. மகளுக்கு ஏழு.
கடைக்குட்டி சுக்கினெமுக்கு வந்தது
பதினாலு அடி அகலம், அறுநூற்றறுபது அடி நீளம்.
"படுக்கலாம். புரண்டு படுக்கத்தான்
பக்கத்து ஆளைக் கேட்கணும்" என்றாள்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.

மரங்களுக்குத் தனிக் கணக்கு, நோட்டில் ஏறாது.
டுரியான் நிற்பது நடு மகன் மண்ணில்,
நட்டது பெரிய மகள்,
ஆகவே மரம் அவளுடையது.
ராத்திரி விழும் பழம் மண்காரனுக்கு,
பகலில் விழுவது மரக்காரிக்கு.
சரியாக விடியும்போது விழுந்தால்?
அதைப் பேசிப் பேசியே காப்பி ஆறியது.

காலையில் கயிறு கட்டிப் பார்த்ததில்
கடைசிக் கோடு நேராக அடுப்படிக்குள் போனது.
அடுப்பில் ஒரு சாண் தாய் பங்கு,
மிச்சம் சுக்கினெமுடையது.
தாய் காலமானால் அந்த ஒரு சாணையும்
இன்னொரு லோக்மான் வந்து வகுப்பார்.
சிங்கப்பூரில் லோரி வைத்திருக்கும் மூத்தவருக்கு
சாம்பலிலும் பங்கு வரும்.

வாழையிலையில் தெம்பே கொண்டுவந்த அந்தத் தாய்
என் பக்கத்தில் குந்தி மெல்லக் கேட்டாள்:
"உங்கள் ஆட்களில் அப்பா போனால்
எப்படிப் பிரிப்பீர்கள், அண்ணே?"

எங்கள் லயத்துக்குப் பதினாறு கதவு,
எல்லாக் கதவிலும் கம்பெனி நம்பர்.
அப்பா போன மாதம்
ஒன்பதாம் நம்பரைக் கிராணியிடம் கொடுத்தோம்.
சைக்கிள் எனக்கு, குத்துவிளக்கு அக்காவுக்கு,
பசுவை விற்ற காசு கடைக்காரருக்கு.
இதை மலாயில் சொல்ல வார்த்தை இருந்தது.
நான் சொன்னது:
"சீக்கிரம் முடிந்துவிடும், மாக்."

பிற்பகல் கல் நடும் வேலை.
மூத்தவர் கோட்டிலிருந்து ஆரம்பம்.
கைப்பிடி ஒரு முனை என்னிடம்,
மறுமுனையில் லோக்மான்,
நடுவில் இடுப்புயரக் காப்பிச் செடிகள்.
"இழுத்தாச்சா?"

சங்கிலி அரசாங்கத்துடையது.
மண் துக்கிரானுடையது.
அந்த வெயிலில் எனக்கென்று இருந்தது
செடிக்குள் யார் கண்ணுக்கும் படாத
கொஞ்சம் தொய்வு.

"இழுத்தாச்சு, துவான்."

மூத்தவரிடம் நாலு விரல்,
நடுமகனிடம் நாலு விரல்,
மூன்றாமவனிடமும் நாலு.
பெரிய மகளுக்கும் தாய்க்கும்
சங்கிலி வில்நாண் மாதிரி நின்றது.
மிச்சம் விழுவது கடைசிப் பங்கில்.

அடுப்புக்கும் தண்ணீர்ச்சாடிக்கும் இடையில்
கல் இறங்கியபோது
லோக்மான் காலைக் கயிறு கிடந்த இடத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
நோட்டில் பதினாலு அடி என்றே எழுதினார்.

சுக்கினெம் குனிந்து
கல்லைச் சுற்றி மண்ணை மிதித்தாள்.
பிறகு, யாரையும் கேட்காமல்,
அடுப்பைப் பற்றவைத்தாள்.