மஞ்சளாகும் நேரம்

மங்காஃபில் மூன்று நாளாக மணல் காற்று.
ஆய்வக ஜன்னலில் பழுப்புப் பொடி,
வெளியே மதியமா மாலையா, தெரியவில்லை.
உள்ளே பதினெட்டு டிகிரி.
என் முன்னே ஒரு பிளாஸ்டிக் தட்டு,
தொண்ணூற்றாறு குழிகள்,
ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குழந்தையின் சீரம்,
நீர்த்து நீர்த்து
ஒரு சொட்டு அழுகைக்கும் குறைவாக.

பெயர் கிடையாது. எண் மட்டும்.
இந்த எண்களில் ஒன்று என் மகள்.
எது என்று எனக்குத் தெரியக்கூடாது.
தெரிந்த பதிவேடு
டாக்டர் ஹிஸ்ஸாவின் இழுப்பறையில், பூட்டுக்குள்.

இரண்டாம் மாதம், நான்காம் மாதம், ஆறாம் மாதம்.
ஜெஃப்ரினின் தொடையில் மூன்று நிமோகாக்கல் ஊசி.
எல்லாருக்கும் அதே மருந்து, அதே குளிர்ப்பெட்டி, அதே நர்ஸ்.
பின் ஏன்
ஒரு பிள்ளையின் ரத்தம் பாடத்தை முழுக்க ஒப்பிக்கிறது,
இன்னொன்று தலைப்பை மட்டும் முனகுகிறது?

படிவத்தை நான்தான் நிரப்பினேன், தாயாக,
வேறொரு மேஜையில், வேறொரு பேனாவில்.
எத்தனையாவது வாரத்தில் பிறந்தாள்?
முப்பத்து மூன்று.
எடை?
ஒரு கிலோ எண்ணூறு.
தாய்ப்பால்?
இரவுப்பணி தொடங்கும்வரை.
(அதற்கு மேல் எழுதக் கட்டத்தில் இடமில்லை.)
வீட்டில் எத்தனை பேர்?
வீடு எது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.
எங்கள் அறையில் மூவர்.
ஹாலைத் தடுத்த பிளைவுட்டுக்கு அப்பால்
தெனாலிக்காரர்கள் நால்வர்.
பால்கனி அறையில் ஷிஃப்ட் மாற்றித் தூங்கும் இருவர்.
ஒரு சமையலறை, ஒரு குளியலறை,
ஒன்பது மூக்குகள்.

வயிற்றிலிருக்கும்போது நான் கொடுத்தனுப்பிய ஆன்டிபாடி
அதிகமிருந்தால் அதுவும் வம்பாம்.
வாசலில் நின்றுகொண்டு,
வந்த மருந்தை
"பிள்ளை தூங்குது, அப்புறம் வாங்க" என்று
திருப்பி அனுப்பிவிடுமாம்.
குறைமாதத்தில் பிறந்தால் அது குறைவு.
குறைந்தால் வாசலில் ஆளே இல்லை.
கூடினாலும் குறைந்தாலும்
என் பேரில்தான் பற்று.

கடைசிக் கேள்வி:
ஊசிக்கு முன்பே காய்ச்சல் மருந்து கொடுத்தீர்களா?

அன்று ரீகனுக்கு ரிஃபைனரியில் பகல் லீவு.
காய்ச்சல் வரும் முன்னரே
சின்னக் குப்பியைக் குலுக்கி இரண்டு மில்லி ஊட்டினான்,
பிளைவுட்டுக்கு அப்பால் யாரும் முணுமுணுக்கக்கூடாது என்று.
காய்ச்சல் சிலசமயம்
உடம்பு சத்தம்போட்டுப் படிப்பது.
முன்கூட்டியே வாயைப் பொத்தினால்
கொஞ்சம் மறந்துபோகலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.
ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

தட்டில் நீலம் ஏறுகிறது.
அமிலம் விட்டதும் மஞ்சள்.
இன்றைய தட்டு ஆறு-பி வகைக்கு.
பிடிவாதக்காரன்,
இரண்டு ஊசி போட்டும் பல குழந்தைகள்
அவன் முகத்தை நினைவு வைப்பதில்லை.
மூன்றாம் வரிசையில் ஏழாவது குழி
வெறும் தண்ணீர் மாதிரி.
திரையில் எழுந்தது: பூஜ்யம் புள்ளி ஒன்று எட்டு.
கோடு, பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்தில்.

இழுப்பறை பத்தடி தூரம்.
சாவி கைப்பையில், கைப்பை நாற்காலியில்,
ஹிஸ்ஸா தொழுகையில்.

எழுந்தேன்.
கையுறையைக் கழற்றினேன்.
கை கழுவினேன், விரலிடுக்கெல்லாம்,
தேவைக்கு மேல் இரண்டு முறை.
அடுத்த தட்டை எடுத்தேன்.

வீட்டில் தெனாலிக்காரர் மகன் வர்ஷித்
நர்சரியிலிருந்து சளியோடு வந்திருந்தான்.
அவனும் ஜெஃப்ரினும்
ஒரே ரப்பர் ஒட்டகத்தை மாற்றி மாற்றிக் கடித்தார்கள்,
அவன் வால்பக்கம், அவள் தலைப்பக்கம்.
பிடுங்கலாம்தான்.
துப்பட்டா முனையில் அவன் மூக்கைப் பிடித்து
"ஊது" என்றேன்.
தெலுங்கில் என்னவோ சொல்லி
உள்ளேயே உறிஞ்சிக்கொண்டான்.

பன்னிரண்டாம் மாத ஊசிக்கு
இன்னும் பத்தொன்பது நாள்.
குப்பியை எடுத்து
அலமாரியின் மேல்தட்டில்
ரீகனுக்கு எட்டாத உயரத்தில் வைக்கப் பார்த்தேன்.
என்னைவிட அவன் உயரம்.