கூரையைத் தொடாத சுவர்

பதினாலாம் கேள்வி:
வீட்டில் யாராவது புகை பிடிப்பதுண்டா?
மேற்பிரிவு லயத்தில் ஏழாம் நம்பர் புஷ்பலீலா
கொழுந்துக் கூடையை இறக்காமலே சொன்னாள்:
"ஆளு யாரும் பிடிக்கிறதில்ல மிஸ்.
அடுப்புதான் பிடிக்குது.
மழ மாசத்துல ஓயாம."

ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்.
அவளுக்காக ஓரத்தில் மூன்றாவது வரைந்தேன்.
கோணலாக வந்தது.
என் கலாநிதிப் பட்டம் அந்தக் கோணலில் தொடங்கியது.

பிறகு பதினாறு வருடம்.
மஸ்கெலியாவிலிருந்து ஆட்டோ போகும் தூரம்,
அதற்கு மேல் போகாத தூரம்.
வடிதாளில் படிந்த கரியைப்
பேராதனையில் எடைபோட்டேன்.
சுவரின் பூஞ்சணத்தைச் சுரண்டி டப்பாவில் அடைத்தேன்.
மலையில் மருந்தடித்த நாள்,
அரைப்பேர் விழுந்த நாள்,
பிள்ளைக்கு இழுத்த நாள்:
மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தேன்.

புஷ்பலீலாவின் கடைக்குட்டி தர்சிகன் குழாயை ஊதினான்.
முள் நூற்றுநாற்பதில் நின்றது.
"பாஸா மிஸ், பெயிலா?"
இன்னொரு தரம் ஊது என்றேன்.
மூன்று தரம் ஊத வேண்டும், அது விதி.

கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள்:
ஒவ்வொரு வீடும் தனித்தனி அலகு என்று
எப்படிக் கொண்டீர்கள், விளக்குக.
என்னத்தை விளக்க.
காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் சுவர் உண்டு,
அது கூரையைத் தொடுவதில்லை.
எட்டாம் நம்பரில் சோறு வேகிறது,
ஏழாம் நம்பரில் பிள்ளை இருமுகிறது.
நாடா பிடித்து அளந்து எழுதினேன்:
இரண்டடி மூன்றங்குலம்.
அந்த எண் அச்சில் ஏற
பதினொரு மாதம் ஆனது.

தோட்ட நிர்வாகம் படித்தது.
கடைசிப் பக்கத்தில் புகைபோக்கி கேட்டிருந்தேன்.
பலகை அடித்தார்கள்.
ஒரே வாரத்தில், இருபத்துநாலு காம்பராவுக்கும்.
படம் பிடித்து எனக்கே அனுப்பினார்கள்,
கீழே நன்றி என்று எழுதி.

பேராசிரியர் பதவிக்கான நேர்முகத்தில் கேட்டார்கள்:
உங்கள் ஆய்வினால் களத்தில் நேர்ந்த மாற்றம் யாது?
தண்ணீர் குடித்தேன்.
வேறெதையோ சொன்னேன்.
பதவி கிடைத்தது.

போன ஐப்பசியில் மறுபடி ஏறினேன்.
அவரவர் வீட்டுப் புகை
அவரவர் வீட்டிலேயே நின்றது.
தனித்தனி அலகு.

புஷ்பலீலா தேத்தண்ணி ஆற்றினாள்.
"முன்னெல்லாம் ராத்திரி இவனுக்கு இழுத்தா
பக்கத்து அக்காவுக்கு மேலாலயே கேட்டுரும்.
டோர்ச்சோட ஓடியாரும்,
லொறிக்கு ஆள் அனுப்பும்.
பலக அடிச்ச பெறகு
ஒரு நா நான் கத்துனதுகூட கேக்கல மிஸ்."

கவ்வாத்துக் கத்தியால் நெம்பி
ஒரு பலகையைக் கழற்றியிருந்தாள்.
அந்தப் பக்கமிருந்து அக்காவும் தள்ளினாளாம்.
ஆணிகளை ரின்பால் டின்னில் போட்டு வைத்திருந்தாள்,
தோட்டத்துக் கணக்கில் கேட்டால் கொடுக்க.

நான் அண்ணாந்து பார்த்தேன்.
அந்தச் சந்து வழியே புகை வந்தது.
பின்னாலேயே எட்டாம் நம்பர்க் குரல்:
"யாரு, நம்ம மிஸ்ஸா?"