இடப்பக்கத்து இறகு

மொட்டைமாடிக் கூண்டைப் பெருக்கிய தேசப்பன்
ஒரு பை இறகு கொடுத்தான்.
காசு கேட்கவில்லை.

தூண்டில் முள்ளை பிளேயரில் கடிக்கவிட்டு
இரண்டு சீவலை அதன் முதுகில் சாய்க்கிறேன்.
நிமிர்ந்து நின்றால் அது பறக்கிற பூச்சி.
எனக்கு வேண்டியது முழுகின பூச்சி.
விரலிடுக்கில் நூலைத் தளர்வாக ஒரு சுற்று விட்டு
நேர் கீழே இழுக்க வேண்டும்.
கொஞ்சம் அவசரப்பட்டாலும்
சிறகு விசிறியாகிவிடும்.
முடிச்சின் மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு.
வேதகுமாரியுடையது. கேட்டு எடுக்கவில்லை.

லாரித் தண்ணீர்க் குடத்தில் இழுத்துப் பார்த்தேன்.
பம்பரமாகச் சுற்றியது.
"குடிக்கிற தண்ணில இன்னாயா முள்ளு கீது?"

பையைக் கொட்டினேன்.
ஒன்றுவிடாமல் இடப்பக்கத்து இறகு.
ஒரு பூச்சிக்கு இடது ஒன்று, வலது ஒன்று வேண்டும்.

"கூடூர்ப் பந்தயத்துல வலப்பக்கத்த
ராசாளி பிச்சிட்ச்சு.
மூணாம் நாள் நடந்தே வந்துச்சு, பாவம்.
மிச்சத்த நான்தான் புடுங்கினேன்.
ரெண்டும் ஒண்ணா மொளைக்கட்டுமே."

ஞாயிறு விடியலில் எண்ணூர் முகத்துவாரம்,
அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் சேருமிடம்.
இரண்டு இடதுகளோடு சுற்றிக்கொண்டே போனது பூச்சி.
நரம்பு முறுக்கிக்கொண்டது.
ஒரு கொடுவா பின்னாலேயே வந்தது,
பார்த்தது,
திரும்பிப் போய்விட்டது.

வெறும் பையோடு நேரே மாடிக்கு ஏறினேன்.
கூண்டின் மூலையில் அது
கம்பைத் தின்றுகொண்டிருந்தது.
இரண்டு பக்கமும் நீலமாய்க் குச்சி குச்சியாய் முளை.
எண்ணினேன்.
வலது நாலு.
இடது நாலு, இல்லை, ஐந்து.