இரண்டு விரல் இடைவெளி

கூழ் ஆலையில் கடைசி லாரியைக் கழுவி அனுப்பிய மறுநாள்
வண்டியை நிறுத்தினேன் திம்மராயன் பட்டறை முன்னால்.
காவேரிப்பட்டணத்தில் பாதி வீட்டு ஜன்னல்
அவர் அடித்த கம்பிதான்.
இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார்.
"இதுல எங்கம்மா மூட்டை வெக்கிறது?"

நியாயமான கேள்வி.
இருநூறு சிசி. சீறுவதற்கென்றே செய்தது.
பின்சீட்டு ஒரு சாண் அகலம்,
அதுவும் வானத்தைப் பார்த்து ஏறிக்கொண்டு போகும்.
காந்தம் வைத்த டேங்க் பை வாங்கி ஏற்கெனவே ஏமாந்திருந்தேன்.
கடைக்காரர் ஒட்டிக் காட்டியது இரும்பு பீரோவில்.
என் டேங்குக்கு மேலே பிளாஸ்டிக் மூடி.
மொபைல் ஸ்டாண்டும் சார்ஜர் ஒயரும் நானே மாட்டியவை,
ஹேண்டிலை முழுக்க இடதுபக்கம் ஒடித்தால்
ஹாரன் தானாக அடிக்கும்.

நான் கூழின் இனிப்பை அளக்கிறவள்.
ஒரு துளி, ஒரு கண்ணாடித் தகடு, ஒரு எண்.
பதினாலு என்றால் போகலாம். பன்னிரண்டு என்றால் நில்.
அந்தப் பழக்கத்தில்
ஆளில்லாத ஞாயிறு ஆலைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன்:
கூடாரம் இரண்டரைக் கிலோ.
மழைக்கோட்டு எண்ணூறு கிராம்.
பஞ்சர் பெட்டி, செயின் எண்ணெய், குட்டி அடுப்பு.
அக்கா கொடுத்தனுப்பிய எள்ளுருண்டை ஒன்றேகால்.
எல்லாம் சேர்ந்து பதினாறு.
பின்பக்கம் தாங்குவது ஏழு என்று
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து.

திம்மராயன் கையேடெல்லாம் பார்க்கவில்லை.
அரையங்குலக் குழாய் வளைத்து, கைப்பிடி போல்ட்டில் பிடித்து,
விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கேரியர் தயார்.
இரண்டு முனையிலும் ஒரு சுருள்.
இது எதற்கு என்றேன்.
"கை பழகிடுச்சும்மா. கேட்டுக்கு வெக்கிற டிசைன்."
ஆக, என் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன கேட்.

ஒத்திகைக்குத் தொப்பூர்.
தர்மபுரி தாண்டும்வரை எல்லாம் சொன்ன பேச்சு கேட்டன.
கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடித்தேன்.
மொத்தச் சாமானும் என் தோளைத் தள்ளிக்கொண்டு
சேலம் இன்னும் எவ்வளவு தூரம் என்றது.
வளைவுகளில் வண்டி என்னைவிட
அரை நொடி தாமதமாக முடிவெடுத்தது.
ஹாரன்.
என்னுடையதோ என்று ஹேண்டிலைப் பார்த்தேன்.
இல்லை, கிரானைட் ஏற்றிய லாரி, பக்கத்திலேயே.
பெண் ஓட்டினால் அடிப்பார்கள்தானே என்று
திரும்பாமல் போனேன்.
கிளீனர் பையன் பாதி உடம்பை வெளியே விட்டு
மூக்கைப் பொத்திக் காட்டினான்.
அப்புறம்தான் வாடை.

வலது பை தொய்ந்து சைலன்சர்மேல் உட்கார்ந்திருந்தது.
ரெக்சின் உருகி, உள்ளே மழைக்கோட்டு உருகி,
ஓட்டை வழியே எள்ளுருண்டைகள்
எந்த வளைவிலிருந்து உதிர்ந்துகொண்டு வந்தனவோ.
லாரி முன்னால் போய் நின்றது.
பையன் ஓடிவந்து பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தான்.
மிஞ்சிய உருண்டைகளில் ஒன்றை எடுத்தான்,
முகர்ந்தான், வாயில் போட்டான்.
"முன்னமே வறுத்த எள்ளுதானேக்கா. ஒண்ணும் ஆகல."
பெயர் கேட்பதற்குள் டிரைவர் கூப்பிட்டுவிட்டார்.

சாலையோரம் குந்தி, குறைக்க ஆரம்பித்தேன்.
கூடாரம் வேண்டாம், கோடியக்கரையில் ஏதாவது அறை இருக்கும்.
அடுப்பு வேண்டாம். இரண்டாவது ஜீன்ஸ்.
தனியாகப் போகிறாயே என்று ஆளாளுக்குக் கொடுத்தவை:
மிளகாய்த் தெளிப்பான், சங்கிலி, விசில், இன்னொரு விசில்.
ஒரு விசிலை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆலைக் குப்பையிலிருந்து ஒரு மூன்று கிலோ டின்.
திம்மராயன் நெடுக வெட்டி, விரித்து, தட்டி,
சைலன்சருக்கு வெளியே கவசமாக நிறுத்தினார்.
"ஒட்டி வெச்சா தகரமும் சுடும், பையும் சுடும்.
ரெண்டு விரல் காத்து போகணும்."
விரலைவிட்டுக் காட்டினார்.
சுருளை வேண்டுமானால் அறுத்துவிடட்டுமா என்றார்.
இருக்கட்டும்.
ரப்பர் கொக்கி மாட்ட வண்டியில் வேறு நல்ல இடம் கிடையாது.

ஆறு கிலோ எண்ணூறு.
நாளை நாலரைக்குக் கிளம்புகிறேன்.
தகரத்தில் பாதி மாம்பழமும்
தலைகீழாக 'ஏற்றுமதிக்கு மட்டும்' என்பதும் அழியாமல் இருக்கின்றன.
பின்னால் வரும் லாரிக்காரர்கள்
கழுத்தைச் சாய்த்தால் படிக்கலாம்.