பலகை என்றால்

பலகை என்றால் மரம் என்று
நினைத்துக்கொண்டுதான் நகராட்சியில் சேர்ந்தேன்.
விதி இரண்டு, உட்பிரிவு ஈ:
தகடு, துணி, கண்ணாடி, பிளாஸ்டிக்,
உள்ளே விளக்கெரியும் பெட்டி,
காற்றடைத்து ஆடவிட்ட பொம்மை,
எதுவானாலும் எழுத்திருந்தால் பலகை.
வாசலில் கட்டித் தொங்கும் மொட்டை டயர்?
பஞ்சர் கடை என்று ஊருக்கே தெரியும்.
எழுத்தில்லை.
விட்டுவிட்டோம்.

மயிலாடுதுறை, மகாதானத் தெரு.
ஐப்பசி மழை மூச்சு வாங்கிய முற்பகல்.
டேப்பின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை ஏணிமேல் மரியசெல்வத்திடம்.
அவர் நீளம் சொல்வார், உயரம் சொல்வார்,
பெருக்குவது நான்.
தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று,
பிறமொழி இரண்டு.
முருகையன் பாத்திரக் கடையில்
தமிழ் நாலரைதான் வந்தது.
"மு-வுக்கு வால் இருக்கே சார்,
வாலோட அளங்க" என்றார் கல்லாவிலிருந்து.
வாலோடு அளந்தால் ஐந்தேகால்.
வால் எழுத்தில் சேர்த்தியா என்று
விதியில் இல்லை.
வாலோடு எழுதிக்கொண்டேன்.

விதி ஏழு: வடிகாலின் உள்விளிம்பைத் தாண்டி
பலகை நீளக் கூடாது.
"இது வடிகாலே இல்லை, பாசன வாய்க்கால்"
என்று வரைபட நகலோடு வந்தார் மருந்துக்கடை தாஜுதீன்.
பொதுப்பணித்துறை தாளில் வாய்க்கால்,
எங்கள் பதிவேட்டில் வடிகால்,
ஏணியிலிருந்து இறங்கிக் கால் வைத்த
மரியசெல்வத்தின் வாயில் சாக்கடை.
அந்தக் கோப்பு இன்னும் என் மேசையில்.

பிறகு அந்தக் கடை:
வைரக்கண்ணு அன்ட் சன்ஸ்
மோட்டார் காயில் கட்டுமிடம்.

ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால்
அது தமிழா ஆங்கிலமா?
மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருந்தோம்.
பதின்மூன்று மாதம் கழித்துப் பதில்:
"விதிகளின்படி ஆவன செய்க."
ஆவன செய்தோம்.
தமிழ்ப்படுத்துக, பதினைந்து நாள் அவகாசம்.

நோட்டீசை வாங்கியவர் தையல்நாயகி.
வைரக்கண்ணுவின் நடு மகள்.
வார்னிஷ் நெடி, தரையெல்லாம் தாமிரக் கம்பித் துணுக்கு,
திருவெண்காட்டிலிருந்து வந்த நீர்மூழ்கி மோட்டார் ஒன்று
வயிறு திறந்து மேசையில்.
சம்பா நட்டவர்கள் வாசலில் நின்றார்கள்.
கம்பியை விடாமல் கேட்டார்:
"சன்ஸுக்குத் தமிழ்ல என்ன?"

"மகன்கள்" என்றேன்.

விரலில் எண்ணினார்.
"அஞ்செழுத்து.
ஸ்டிக்கர்காரன் எழுத்துக்கு எண்பது ரூவா கேக்கிறான்."
ஷார்ஜாவில் ஒரு சன், திருப்பூரில் ஒரு சன்
என்று வாசலில் நின்றவர்தான் சொன்னார், அவரல்ல.
அவர் இரண்டு சுற்று சுற்றிவிட்டு,
"மக்கள்-னு போட்டா?
நாலுதான் வருது" என்றார்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
தடையில்லை.
மக்கள்:
ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை,
பலர்பால்.
எண்பது ரூபாய்க்காகச் சொன்னாரா
வேறெதற்காவது சொன்னாரா என்று
அன்றைக்கும் தெரியவில்லை,
இன்றைக்கும் கேட்கவில்லை.

இருபதாம் நாள் மறு ஆய்வு.
"மற்றும்" என்பதையும் வெட்டியிருந்தார்.
நான்கெழுத்து, முந்நூற்று இருபது மிச்சம்.
வைரக்கண்ணு மக்கள்.
நீலத்தில் வெள்ளை, மழையில் கழுவிய பளபளப்பு.
போன் ஸ்பீக்கரில் ஷார்ஜா கத்திக்கொண்டிருந்தது:
"என்னக்கா இது, கட்சி ஆபீஸ் மாதிரி!
அப்பா வெச்ச பேரை யாரைக் கேட்டு மாத்துன?"
தையல்நாயகி என்னைப் பார்த்தார்.
முகத்தில் ஒன்றுமில்லை.
"நகராட்சி உத்தரவுடா தம்பி.
ஆபீசரே நிக்கிறாரு, பேசுறியா?"

போன் பேசவில்லை.

அளந்தோம். பரப்பு குறைந்திருந்தது,
கட்டணத்தில் நாற்பத்து நான்கு ரூபாய் தள்ளுபடி.
படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
"மாற்றத்தின் தன்மை" என்று கேட்டிருந்தார்கள்.
எழுத்து மட்டும், என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
மரியசெல்வம் ஏணியை
அடுத்த கடைக்கு நகர்த்தியிருந்தார்.
சலூன்.