நாற்பத்தொன்று

எனக்குக் கூடுது, அவனுக்குக் குறையுது.
ஒரே மெசினில் இரண்டு பேர் இரத்தமும் பார்த்தோம்
மாசி தொடங்கி ஆவணி மட்டும்.
ஐம்பது குச்சி உள்ள டப்பா நாலாயிரத்துச் சொச்சம்.
என் விரலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்,
கச்சானின் காதோரத்துக்குத் தினம் இரண்டு.

வெல்லாவெளியில் வெட்டுமெசின் ஓட்டப் போன ரமணீதரன்
சேட்டுப் பைக்குள் கொண்டுவந்த கீரிக்குட்டிகள்.
தாய் எங்கே என்று கேட்டேன்.
தேத்தண்ணி இருக்கா என்று கேட்டான்.

கச்சான், கவுப்பி என்று பேர் வந்தது
அன்றைக்குக் கையில் கடதாசிச் சுருள் இருந்ததால்தான்.
பெரியகல்லாற்றில் என் போட்டோக்கொப்பிக் கடையில்
மெசின் சூட்டில் இரண்டும் பின்னிக்கொண்டு உறங்கும்.
பேனை மூடி வாங்க வந்தவர்களுக்கெல்லாம்
அலுமாரிக்குக் கீழே கையைக் காட்டுவேன்.

நாலாம் வருசம், ஒரு வெள்ளி,
கச்சான் பின்னங்காலை இழுத்தான்.
வாயில் நுரை. எங்கேயோ தூரம் பார்க்கிற கண்.
பாம்பு கடிச்சிருக்கும் என்றார் வீட்டுக்காரர்.
கீரியையா?

களுவாஞ்சிக்குடி மிருக வைத்தியர் நிஃப்ராஸ்
மாட்டுக்கும் ஆட்டுக்கும் கை பழகினவர்.
பேராதனைக்குப் போன் போட்டு அரைமணித்தியாலம் கதைத்தார்.
கணையத்தில் கட்டி, கடுகளவாக இருக்கலாம்,
இருக்கிற சீனியை எல்லாம் அது எரிக்க வைக்குது.
வெட்டி எடுக்கலாமா?
"நான் எடுக்க மாட்டன் அக்கா. எனக்குத் தெரியாது."
அப்படிச் சொன்னதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.
குளிசையைக் காலாக உடைக்கச் சொன்னார்.
விழுந்தால் முரசில் தேன் தடவச் சொன்னார்.

தடவினேன்.
விடிய மூன்று மணிக்கு, டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி,
வாகரைத் தேனை நான் நக்கக்கூடாத விரலால்.
அவன் பல் பட்டுக் கிழிந்த நாட்களில்
இரத்தம் வீண்போகாமல் என் அளவையும் பார்த்தேன்.
இருநூற்றுப் பத்து. நாற்பத்தொன்று.
மிஞ்சினதைக் குறைந்தவனுக்கு ஊற்ற
வழி இல்லாத வீடு.

ஊசி போடலாம், நோகாது, யோசியுங்க என்றார்.
திங்கள் என்றேன்.
திங்கள் வந்ததும் புதன் என்றேன்.
புதன் ஓர் இறாலை முழுதாகத் தின்றான்.
அதை நம்பி இன்னும் பதினொரு நாள்.
யாருக்காக அந்தப் பதினொன்றும் என்று
நான் இன்னும் என்னைக் கேட்கவில்லை.

கச்சான் காற்று விழுந்துபோன ஞாயிறு மத்தியானம்
என் சோட்டி மடிப்புக்குள் போனான்.
தேன் முரசிலேயே கிடந்தது.

கவுப்பியிடம் காட்டினேன்.
மணந்தாள். விளையாடக் கூப்பிடுகிற மாதிரி
காதைக் கடித்து இழுத்தாள்.
இன்னொரு தரம், கொஞ்சம் பலமாக.
பிறகு அலுமாரிக்குக் கீழே போய்விட்டாள்.

இந்த ஊரில் அழுவதற்கு வரிசை இருக்கு.
கடல் கொண்டுபோனவர்களின் ஆட்கள் நிற்கிறார்கள்,
இரவில் கூட்டிக்கொண்டு போனவர்களின் ஆட்கள் நிற்கிறார்கள்.
ஒரு கீரியை ஏந்திக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது?
வேலிக்கு அந்தப் பக்கம் தவமலர்,
தன் இரண்டு பிள்ளைக்கும் குழி வெட்டக் கிடைக்காதவள்,
மண்வெட்டியை நீட்டினாள்.
"ஆழமா வெட்டுகா. நாய் கிளறும்."
நான் களைத்த பிறகு மிச்சத்தை அவளே வெட்டினாள்.

போன கிழமை கல்முனையில் என் கிளினிக்.
புதுசாக வந்த டொக்டர் மெசினை வாங்கி
உள்ளே கிடந்த எண்களைப் பின்னுக்குத் தட்டிக்கொண்டு போனார்.
இருநூற்று முப்பது. ஐம்பத்திரண்டு.
நூற்றெண்பது. நாற்பத்தொன்று.
நிமிர்ந்தார்.
"நாற்பத்தொன்றா? விழுந்தீங்களா அம்மா?"
ஓம் என்றேன்.
"பக்கத்தில ஆரும் இருந்தாங்களா?"
நான் இருந்தன்.

விளங்காமல் பார்த்தார்.
பின்னால் வரிசை நீளம்.
என் குளிசையைப் பாதியாகக் குறைத்து எழுதினார்.

பஸ்ஸில் ஏறின பிறகுதான் பயந்தேன்.
திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும்,
அந்தச் சின்ன எண்கள் என்னுடையவை இல்லை,
அழித்துவிடாமல் திருத்தி எழுதுங்கள் என்று.

திங்கள் போகலாம் என்றிருக்கிறேன்.